பால் கூடாது, தயிர் மட்டும் கூடுமா?

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறைக்கு மாறுகிறவர்களின் அலைபேசிக்கு எப்படியும் ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடும். யார் எழுதியது என்று தெரியாது. குழுவுக்குக் குழு சில வரிகள் மாறும். பால் பொருட்களைப் பற்றிய வரிகள் மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: பால் கூடாது, தயிர் கூடும், மோர் எவ்வளவு வேண்டுமானாலும், பனீர் நல்லது, நெய் தாராளம். என் மாமியாருக்காக அந்தப் பட்டியலை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை இடைமறித்தார். “பாலில் இருந்துதானே தயிர் வருகிறது? பாலில் இருந்த சர்க்கரை விடிவதற்குள் எங்கே போய்விடும்?” ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் உறை ஊற்றி வருபவர் அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “அதைப் பாக்டீரியா தின்றுவிடும் அத்தை” என்றேன். “எல்லாவற்றையுமா?” என்றார்.

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. தின்றுவிடும் என்று சொல்கிற எவரும் எவ்வளவு தின்னும் என்று சொல்வதில்லை. அத்தைக்கோ அந்த அளவுதான் முக்கியம். முட்டைகூடத் தொடாதவர். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் மாத்திரையின் அளவை மாற்றித் தந்த பிறகே இந்த உணவுமுறையைத் தொடங்கினோம். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்களுக்கு இந்த உணவுமுறையில் பால் ஒரு பெரிய விஷயம் இல்லை, விட்டுவிட்டுப் போய்விடலாம். சைவம் மட்டும் சாப்பிடும் ஒருவரிடமிருந்து அரிசி, பருப்பு, இட்லி, தோசை எல்லாவற்றையும் எடுத்த பிறகு புரதத்துக்கு மிஞ்சுவது பாலும் அதிலிருந்து வருபவையும்தான். கூடவே கொஞ்சம் கொட்டைப் பருப்புகள். அங்கே போய் ‘பால் கூடாது’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது.

பாலில் இருக்கும் மாவுச்சத்து முழுவதும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. 100 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம். பாக்கெட்டின் நிறம் மாறினாலும் இது அவ்வளவாக மாறுவதில்லை. நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 விழுக்காடு, ஆரஞ்சில் 6 விழுக்காடு. கொழுப்பு இரண்டு மடங்காகிறது, சர்க்கரை அப்படியே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு குறைந்த பாலையே சொல்லிச் சொல்லி, அந்தப் பாலில் சர்க்கரையும் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். கொழுப்பை எடுப்பதால் லாக்டோஸ் எங்கும் போவதில்லை. இப்போது கடைகளில் கிடைக்கும் லாக்டோஸ் நீக்கிய பாலையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பாலும் லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸை குளுகோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்துவைக்கிறார்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு அது நல்ல உதவி. மொத்தச் சர்க்கரை மட்டும் அதேதான். நாக்குக்கு இன்னும் கொஞ்சம் இனிப்பாகக்கூடத் தெரியும்.

அளக்காத பொருள்

எங்கள் வீட்டில் அரிசியை ஆழாக்கால் அளப்போம், பருப்பைக் கைப்பிடியால் அளப்போம். பாலை மட்டும் யாரும் அளந்து நான் பார்த்ததில்லை. பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சிவிட்டால், பிறகு நாள் முழுவதும் அது கரண்டி கரண்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். காபிக்கு, வருகிறவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, உறை ஊற்ற, கடைசியில் மிளகும் மஞ்சளும் போட்டு இரவுக்கு. அத்தை இட்லியை விட்டார். சோற்றை ஒரு கரண்டிக்குக் கொண்டுவந்தார். காபியில் சர்க்கரை போடுவதை அதற்கு வெகு முன்பே நிறுத்தியிருந்தார். அப்படியும் குருதிச் சர்க்கரை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. பட்டியலைத் தந்தவர்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள்: காபியை நிறுத்துங்கள்.

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. “சோற்றை விடு என்றீர்கள், விட்டேன். இட்லியை விடு என்றீர்கள், விட்டேன். காபியும் இல்லை என்றால் நான் விடியற்காலையில் எழுந்து என்ன செய்வது?” 1863-இல் லண்டனில் வில்லியம் பேண்டிங் என்ற சவப்பெட்டித் தொழில்காரர் தாம் உடல் இளைத்த கதையைச் சிறு நூலாக எழுதினார். மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைக்கு முதன்முதலில் பெரும் பெயர் தேடித் தந்த நூல் அது. மருத்துவர் அவரை விடச் சொன்னவற்றில் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கோடு பாலும் இருந்தது. அவர் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரைக் குடித்துச் சமாளித்தார். லண்டன்காரர் அப்படிச் சமாளிக்கலாம். காவிரிக் கரையில் பிறந்து, பித்தளை வடிகட்டியின் மணத்தோடு கண்விழித்த ஒரு பெண்மணியிடம் கறுப்புக் காபியைக் குடி என்று சொன்னால் அவர் இந்த உணவுமுறையையே விட்டுவிடுவார். உறவினர் வீடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. காபிக்காக ஒரு நாள் விதியை மீறுகிறார்கள். மீறியாகிவிட்டதே என்று மறுநாள் இட்லியும் திரும்பி வந்துவிடுகிறது.

அதனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. சமையலறையில் அளவுக் குவளை ஒன்றை வைத்துவிட்டு, “நீங்கள் எப்போதும்போலவே கலந்துகொள்ளுங்கள் அத்தை, பாலை மட்டும் இதில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்” என்றேன். காலைக் காபிக்கு 150 மில்லி. பதினொரு மணிக் காபிக்கு அதே அளவு. மாலையிலும் அதே அளவு. இரவுப் பால் 200. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 650 மில்லி வந்தது. அதாவது 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஏறக்குறைய மூன்று நடுத்தர இட்லிகளில் இருப்பது. ஒரு நாள் முழுவதற்கும் அவருக்கு நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை 50 கிராம். இட்லியை விட்டுப் பெற்ற பலனைப் பால் வழியாகவே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கணக்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அத்தை வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே பென்சிலை வாங்கி இரவுப் பாலை அடித்தார். “இது என் மாமியார் காலத்துப் பழக்கம். எனக்கு ஒன்றும் ஆசை இல்லை, குடிக்க வேண்டும் என்று சொன்னார்கள், குடித்து வந்தேன்.” பதினொரு மணிக் காபியையும் அடித்தார். “அந்த நேரத்துக்கு மோர் போதும்.” பென்சில் காலைக் காபிக்கு வந்ததும் நின்றது. “இதில் மட்டும் கை வைக்காதே” என்றார். அந்தக் காகிதம்தான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. வெளியிலிருந்து வந்த பட்டியல் ‘கூடும்’, ‘கூடாது’ என்று இரண்டு வார்த்தைகளில் பேசியது. மில்லியில் எழுதியதும் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்ய முடிந்தது. எழுபதை நெருங்கும் ஒருவரின் தட்டில் எது இருக்க வேண்டும் என்று ஊரில் உள்ள எல்லோரும் சொல்கிறார்கள். அந்த முடிவை அவர் கையில் கொடுக்கிறவர்கள் மிகக் குறைவு.

காலைக் காபியில் பிறகு நாங்கள் செய்த மாற்றம் சிறியதுதான். முதல் டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கி, ஆரஞ்சுப் பாக்கெட்டின் பால் 60 மில்லியும் காய்ச்சிய பாலில் படியும் ஆடையிலிருந்து ஒரு கரண்டியும் சேர்த்து, மீதிக்கு வெந்நீர். மூன்று கிராமைச் சுற்றித்தான் சர்க்கரை வரும். ஆடையைச் சேர்த்ததும் மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. டபராவுக்கும் டம்ளருக்கும் உயர்த்தி ஆற்றினால் அது கலந்துவிடுகிறது. ஆடையைப் பால் சூடாக இருக்கும்போதே மத்தால் ஒரு சுற்று கடைந்துவிட்டால் இன்னும் நல்லது. சிறிய டம்ளருக்கு மாறியதும் உதவியது, விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும் என்பது அவருக்கு முக்கியம்.

தயிரில் மிஞ்சுவது

இனி அத்தையின் கேள்விக்கு வருகிறேன். உறை மோரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் லாக்டோஸை உண்டு அமிலமாக்குகின்றன. ஆனால் அந்த அமிலமே அவற்றுக்குத் தடையும் ஆகிறது. புளிப்பு ஓர் அளவைத் தாண்டினால் அவற்றால் மேலே பெருக முடிவதில்லை. அதனால் வீட்டுத் தயிர் உறைந்து நிற்கும் நேரத்தில் பாலில் இருந்த சர்க்கரையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். நன்றாகப் புளிக்கவிட்டால் இன்னும் கொஞ்சம். பெரும்பகுதி தயிரிலேயே இருக்கிறது. அத்தையின் சந்தேகம் சரியானது. ஒரு கிண்ணம் தயிரைக் கணக்கில் வராத பொருள் என்று நினைத்துச் சாப்பிட்டால் ஐந்து, ஆறு கிராம் சேர்ந்துவிடும்.

கடைத் தயிரின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. உணவில் மாவுச்சத்தை நேராக அளக்காமல், நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றை அளந்து, மொத்தத்திலிருந்து கழித்து மிஞ்சுவதை மாவுச்சத்து என்று எழுதுவது வழக்கமான முறை. அந்த மிச்சத்தில் லாக்டிக் அமிலமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே உறையில் காணும் எண் உண்மையான சர்க்கரையைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: கெட்டியாக இருக்கவேண்டும் என்று பால் பவுடர் சேர்த்து உறையவைத்த தயிரில் லாக்டோஸ் கூடுதல். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி லாக்டோஸ்தான். வீட்டில் ஊற்றிய தயிரை நான் நம்புவதற்கு அது முதல் காரணம்.

பாலுக்கும் தயிருக்கும் இடையே வைக்கப்படும் அந்தக் கோடு இன்னொரு பக்கத்திலிருந்தும் மங்கிப்போகிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாலையும் புளித்த பாலையும் நலமுள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டால், குருதிச் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் 15 முதல் 30 வரைதான். இன்சுலினைச் சுரக்கவைப்பதில் இரண்டுமே 90-ஐத் தொட்டன அல்லது தாண்டின. லாக்டோஸை மட்டும் நீரில் கரைத்துக் கொடுத்தபோது இன்சுலின் அவ்வளவு ஏறவில்லை. பாலின் சர்க்கரையோடு அதன் புரதமும் கணையத்தைத் தூண்டுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. இதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. பால் கூடாது, தயிர் கூடும் என்ற கறாரான பிரிவினைக்கு இதில் ஆதாரம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். எடை குறைப்பதற்காக இந்த உணவுமுறையில் இருப்பவர்கள், எடை ஓர் இடத்தில் நின்றுவிட்டால் பாலோடு தயிரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பிறகு ஏன் நாங்கள் தயிரை வைத்துக்கொண்டோம்? அளவும் விதமும் நம் கையில் இருப்பதால். இரண்டு கரண்டித் தயிரை ஒரு பெரிய டம்ளர் நீரில் கரைத்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்புப் போட்டால் இரண்டு கிராம் சர்க்கரையில் வயிறு நிறைகிறது. மாவுச்சத்தைக் குறைத்த முதல் நாட்களில் உடலிலிருந்து நீரும் உப்பும் அதிகம் வெளியேறும். தலை கனக்கும், கால் இழுக்கும். உப்புப் போட்ட மோர் அந்த நாட்களுக்கு அருமருந்து. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கேட்டுக்கொண்டு சேர்க்கவேண்டும். மதியத்துக்கு வாழைத்தண்டுத் தயிர்ப் பச்சடி, வெள்ளரிப் பச்சடி. மோர்க்குழம்புக்கு ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் அரைத்து ஊற்றுவதை விட்டுத் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் மட்டும் அரைத்தோம். வெண்பூசணி போட்டு, கொதிக்கவிடாமல் நுரை கூடும்போதே இறக்கினால் திரிவதில்லை. தயிர் சாதத்துக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. காலிஃபிளவரைத் துருவித் தயிரில் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அத்தை மரியாதையாகத் தட்டைத் தள்ளிவைத்தார். ஒரு கரண்டிச் சோறு எதற்கு மிஞ்சியிருக்கிறது என்றால் அதற்குத்தான்.

நீரோடு போகும் சர்க்கரை

பால் சர்க்கரை நீரில் கரைவது. பால் பொருட்களைப் புரிந்துகொள்ள எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது: நீர் எங்கே போகிறதோ அங்கே சர்க்கரையும் போகும். பாலைத் திரித்துப் பனீர் எடுக்கும்போது பச்சை கலந்த மஞ்சள் நீர் வடிகிறதே, லாக்டோஸின் பெரும்பங்கு அதில் போய்விடுகிறது. துணியில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டால் சொட்டும் நீரிலும் அப்படியே. அந்தக் கட்டித் தயிரில் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாக, சர்க்கரை குறைகிறது. வெண்ணெயில் மிகச் சொற்பம். நெய்யில் இல்லவே இல்லை. வடிந்த நீரைக் கொட்ட அத்தைக்கு மனம் வராது. சப்பாத்தி மாவு பிசைய அது நன்றாக இருக்கும், சப்பாத்தி சாப்பிடும் பிள்ளைகளுக்கு அப்படிப் போகிறது. மீதி, தண்ணீர் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். நீரை வடிக்காமல் ஆவியாக விரட்டினால் சர்க்கரை முழுவதும் பாத்திரத்திலேயே தங்கும். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 கிராம் கோவா கிடைக்கும். அந்த லிட்டரில் இருந்த கிட்டத்தட்ட 50 கிராம் லாக்டோஸும் அதற்குள்தான் இருக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் அதற்கு மேல் சீனியும் சேர்கிறது. அது இனிப்பு என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே சாப்பிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதிச் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே விற்கப்படும் பால் இனிப்புகள்மீது. சீனியைச் சேர்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். பால் சர்க்கரை நான்கு, ஐந்து மடங்கு செறிந்திருக்கும் ஒன்றை நோயாளி பயமின்றி இரண்டு துண்டு சாப்பிடுகிறார்.

பனீரை உணவகத்தில் வாங்கினால் கணக்கு மாறிவிடும். பொரித்ததற்கு மைதாவும் சோளமாவும் பூசுகிறார்கள், குழம்பில் முந்திரி அரைத்த விழுது. வெளியில் வாங்கும் பனீரிலேயே மாவுக் கலப்படம் இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துவிடலாம். ஒரு துண்டை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் இரண்டு சொட்டு விட்டால் நீல நிறம் வரக் கூடாது. நெய்யைப் பற்றி எனக்கு ஒரு வரிதான் சொல்ல இருக்கிறது: மாவுச்சத்து இல்லை என்பதற்காகத் ‘தாராளம்’ என்று எழுதுவது சரியில்லை. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது, கெட்ட கொழுப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. அத்தைக்கு இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டே அளவாகப் போடுகிறோம்.

பாலை முழுவதும் விடாததற்கு எலும்பும் ஒரு காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் பெரியவர்களுக்கான கால்சியம் தேவையை நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் என்று உயர்த்தியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. நம் ஊரில் கால்சியத்துக்குக் கேழ்வரகைத்தான் சொல்வார்கள், ஆனால் அதில் நூற்றுக்கு எழுபது பங்கு மாவுச்சத்து, இந்த உணவுமுறைக்குள் வராது. நெத்திலியைச் சொன்னால் அத்தை எழுந்து போய்விடுவார். 200 கிராம் தயிரில் 240 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். அதோடு பனீர், எள்ளுப்பொடி, முருங்கைக்கீரை. இவற்றையெல்லாம் சேர்த்தும் அவர் வயதுக்குப் பற்றாக்குறை இருக்கிறது. அதை மருத்துவர் மாத்திரையால் நிரப்பச் சொல்லியிருக்கிறார்.

அத்தை இப்போது எருமைப் பாலுக்குப் போகலாமா என்று கேட்கிறார். அவர் பிறந்த வீட்டில் எருமை இருந்தது. சர்க்கரை அதிலும் கிட்டத்தட்ட அதே 5 கிராம்தான்; கொழுப்பு ஆறு, ஏழு விழுக்காடு இருப்பதால் காபிக்குக் குறைவாக ஊற்றினாலே நிறம் வருகிறது, தயிரும் கத்தியால் வெட்டும்படி உறையும், பனீரும் கூடுதலாகத் திரளும். பக்கத்துத் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவர் விலை அதிகம் சொல்கிறார். நாளொன்றுக்கு அரை லிட்டர் போதும் என்பதால் வாங்கலாம் என்று முடிவு செய்து, ஒன்றாம் தேதியிலிருந்து ஊற்றச் சொல்லியிருக்கிறோம்.